நாய் கடித்த சேவலும் எங்கள் தெருக் கைவைத்தியங்களும்

கோழிக்குக் காயம்பட்டால் வைத்தியம் பார்ப்பதா, குழம்பு வைப்பதா என்று எங்கள் பக்கத்தில் யாரேனும் கேட்டால், அது வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி ஆகாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளின் பின்வேலியை ஒட்டியே செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தொடங்கிவிடுகிற இந்த ஓரத்தில், கோழி வளர்க்கிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். பால்மரம் என்னும் ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் ஒரு சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் இடையில் கைகொடுத்தது கொல்லையில் மேய்ந்த கோழிதான். அடிபட்ட கோழியை உயிர் போவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்பதை அவர்கள் கொடுமையாக நினைப்பதில்லை. அது வீட்டுக் கணக்கு. நானும் அந்தக் கணக்கோடு வளர்ந்தவள்தான்.

ஆயினும் போன மழைக்காலத்தில் எங்கள் சேவலைத் தெருநாய் குதறியபோது அறுக்க வழியில்லாமல் போயிற்று. அது என் மாமியார் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல். நேர்ந்துவிட்டதை வீட்டு அடுப்பில் ஏற்றக்கூடாது. ஊனப்பட்டதைச் சாமிக்கும் கொடுக்கக்கூடாது. இந்த இரண்டு தடைகளுக்கும் நடுவே புகுந்து சேவல் தப்பித்துக்கொண்டது என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதைப் பிழைக்கவைக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பகல் முழுவதும் வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான்.

அந்த வாரங்களில் தெருவே திரண்டு வந்து ஆலோசனை சொன்னது. சொன்னவர்களின் அன்பில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர்கள் சொன்னவற்றில் பாதி, மனிதருக்கோ மாட்டுக்கோ பொருந்துகிற வைத்தியம். கோழியின் உடம்பு வேறு கட்டுமானம் கொண்டது. மூச்சு விடுகிற விதம், இரத்தம் கன்றுகிற நிறம், சீழ் பிடிக்கிற முறை ஆகிய எல்லாவற்றிலும் அது நம்மிடமிருந்து விலகி நிற்கிறது. அந்த வேறுபாடுகளைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் சேவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது முழுக் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, அன்று. வீட்டுக்கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழி இந்தத் தீபகற்பத்தின் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் திரிகிறது. விடியற்காலையில் காட்டுச்சேவல் வேலி தாண்டி வந்து எங்கள் பெட்டைகளோடு சேருவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எங்கள் சேவலின் கால்கள் மஞ்சளாக இல்லாமல் சிலேட்டு நிறத்தில் இருப்பதையும், காதுமடல் வெளுத்திருப்பதையும் கண்டு, அதன் தகப்பன் யார் என்று மாமியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். இந்தப் பிறப்புச் செய்தி வைத்தியத்துக்கும் வேண்டியதாயிற்று. காட்டு இரத்தம் கலந்த கோழி மனிதர் கை பட்டாலே பதறும். அந்தப் பதற்றமே காயத்தைவிடச் சீக்கிரமாக அதைக் கொன்றுவிடக்கூடும்.

நாய் பின்வேலியின் அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு நுழைந்திருந்தது. பெட்டைகள் ரம்புத்தான் மரத்தில் ஏறிவிட்டன. எதிர்த்து நின்றது சேவல் மட்டுந்தான். நாங்கள் ஓடிச் சென்றபோது வால் இறகுகள் முற்றம் முழுவதும் சிதறிக் கிடந்தன. ஒரு காலில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. காலின் முள், அதாவது குதிக்கு மேலே வளரும் கொம்புபோன்ற அந்த உறுப்பு, வேலிக்கம்பியில் மாட்டி மேலுறை கழன்று, உள்ளிருக்கும் சிவந்த தண்டு வெளியே தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பெரிய காயம் என்று எண்ணினார்கள். உண்மையில் அது இருந்த காயங்களில் மிகச் சிறியது. சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடித்தேன், பிறகு சமையலறையிலிருந்து சோளமாவை எடுத்து அப்பினேன், இரத்தம் நின்றுவிட்டது. கழன்ற முள்ளின் தண்டு சில வாரங்களில் காய்ந்து தானே இறுகிவிடும். அழுத்திய துணியை அடிக்கடி தூக்கித் தூக்கிப் பார்க்காமலிருந்தால் போதும்.

இறகு எதையும் மூடி மறைத்துவிடுகிறது. நாய்ப்பல் பட்ட இடம் சேவலின் முதுகில், வாலுக்குச் சற்று மேலே இருந்தது. வெளியே பார்த்தால் இறகு கலைந்திருப்பதாக மட்டுமே தோன்றும். சேவலைக் கைலித்துணியில் சுற்றி, தலையையும் அதே துணியால் மூடியவுடன் அது அடங்கியது. கண்ணுக்கு இருட்டானால் கோழி அடங்கிவிடும். இந்த ஒன்றை என் பாட்டியிடம் கற்றிருந்தேன். கழுத்திலிருந்து தொடங்கி, இறகுகளை எதிர்த்திசையில் வாயால் ஊதி ஊதி விலக்கிக்கொண்டே போனால் தோல் தெரியும். அப்படிப் பார்த்தபோதுதான் முதுகில் நாலைந்து துளைகளும் ஒரு நீண்ட கிழிசலும் வெளிப்பட்டன. இறக்கையைத் தூக்கி அடியில் பார்க்காமல் விட்டுவிடக்கூடாது. அங்கேதான் பெரும்பாலும் காயங்கள் தப்பிப்போகின்றன.

பிடிக்கும் விதத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் நமக்கிருப்பதைப்போல் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் காற்று அதன் உடம்புக்குள் போய்வருகிறது. சேவல் துள்ளுகிறதே என்று நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் அதற்கு மூச்சு நின்றுபோகும். சந்தையில் செய்வதுபோல் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் மூச்சுக்காற்று போய்வரும் காற்றுப்பைகளை நெரிக்கும். அடிபட்டுத் தளர்ந்த பறவைக்கு அது பெரிய ஆபத்து. இறக்கைகள் இரண்டையும் உடம்போடு சேர்த்து அணைத்து, நெஞ்சை விட்டுவிட வேண்டும். எதிர்வீட்டு அண்ணன் உதவிக்கு வந்து, பழக்கத்தில் காலைப் பிடிக்கப் போனார். “அண்ணே, மடியில வச்சுப் பிடிங்க” என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன்.

நாய்க்கடிக்கும் வெட்டுக்காயத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பல் தோலைத் துளைத்து உள்ளே போனபின் நாய் தலையை உதறுகிறது. அதனால் வெளியே மிளகளவு துளை தெரிந்தாலும் உள்ளே தோல் சதையிலிருந்து பிரிந்து அகலமாகக் கிழிந்திருக்கும். நாயின் வாயிலும் பூனையின் வாயிலும் குடியிருக்கும் பாஸ்டுரெல்லா என்னும் நுண்ணுயிர் அந்தப் பொந்துக்குள் போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே துளையை அடைப்பதும், ஊசியால் தைத்து மூடுவதும், மருந்துக் களிம்பைக் குழைத்துத் திணிப்பதும் தீமையே செய்யும். உள்ளே இருப்பது வெளியே வடிய வழி வேண்டும். கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சியால் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவினேன். அதன்பின் புண் கழுவும் மருந்தான பொவிடோன் அயோடினைப் பால் கலக்காத தேநீரின் நிறம் வருமளவுக்கு நீர் கலந்து இன்னொருமுறை கழுவினேன். காயத்தைச் சுற்றியிருந்த இறகுகளை ஒட்டக் கத்தரித்தேன். புதிதாக முளைத்துவரும் இறகுகளின் தண்டில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றைத் தொடக்கூடாது.

கழுவுவதற்கு முன்பு இரண்டைச் சரிபார்க்க வேண்டும். காயத்தைச் சுற்றித் தோலை மெல்ல அழுத்தும்போது உள்ளே காற்று நொறுநொறுப்பதாகத் தோன்றினால் காற்றுப்பை கிழிந்திருக்கிறது என்று பொருள். அதேபோல் தோளை அடுத்த இறக்கையெலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் அங்கே நீரைப் பீய்ச்சக்கூடாது; பறவைகளுக்கு அந்த எலும்பு உள்ளே பொந்தாக இருந்து காற்றுப்பையோடு இணைந்திருக்கிறது. அங்கே ஊற்றும் நீர் மூச்சுவழிக்குள் போய்விடும். இவ்விரண்டு நிலைகளிலும் வீட்டு வைத்தியம் போதாது. எங்கள் சேவலுக்கு இரண்டும் இல்லை.

இனித் தெருவின் மருந்துப்பெட்டிக்கு வருகிறேன். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசச் சொன்னவர்கள்தாம் அதிகம். மஞ்சளுக்கு நுண்ணுயிரை அடக்கும் குணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழைவு காய்ந்து இறுகியபின் அடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். எண்ணெய் இறகுகளில் ஊறினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி, உடம்பின் சூட்டைக் காக்கும் திறனை இழந்துவிடும். கோழியின் உடம்புச் சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ள அதற்கு இருக்கிற போர்வை இறகுதான். அடுப்புச் சாம்பலை அப்பச் சொன்னார் ஒருவர். திறந்த சதையில் சாம்பல் ஒரு குப்பை. புகையிலையை மென்று வைக்கச் சொன்ன பெரியவரை அன்போடு வழியனுப்பினேன். அதிலுள்ள நிக்கோட்டின் பறவைக்கு நஞ்சு. மண்ணெண்ணெயும் அப்படித்தான். அந்துருண்டையைப் பொடித்துத் தூவினால் புழு விழாது என்று மாடு வளர்த்தவர்கள் சொல்வார்கள். மாட்டுக்கு எப்படியோ, புகைக்கும் வாடைக்கும் இவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் நுரையீரலைக் கொண்ட பறவையின் முதுகில் அதைத் தூவ எனக்குத் துணிவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற டிரெசர் ஐயா ஒருவர் இருக்கிறார். தோட்ட மருத்துவமனையில் ஒரு தலைமுறைக்குக் காயம் கட்டியவர். அவர் வந்து காயத்தைப் பார்த்துவிட்டு, கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். “டீச்சர், ஹைட்ரஜன் பெராக்சைட் ஊத்தினீங்களா?” இல்லை என்றேன். “நல்லது. நுரை வரும், சுத்தமான மாதிரி தெரியும். புதுசா வளர்ற சதையையும் சேர்த்து எரிச்சிடும்” என்றார். வலி மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த மனிதக் களிம்புகளையும் தவிர்க்கச் சொன்னார். சிறிய உடம்புள்ள பறவைக்கு அவற்றின் அளவு எளிதில் மிஞ்சிவிடும். அவர் தம்மோடு கொண்டுவந்த ஊதா மருந்தை, பழைய நினைவுக்காகவோ என்னவோ, கால் முள்ளில் மட்டும் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போனார்.

காயத்துக்கு மருந்து போடுவது இவ்வளவுதான். இதைவிடக் கடினமானது, அதன்பிறகு சேவலைத் தொடாமல் இருப்பது. வேட்டைக்கு இரையாகும் உயிர்கள் தங்கள் நோயை மறைத்துக்கொள்ளும். நிமிர்ந்து நிற்கிற கோழி தேறிவிட்டது என்று நம்பக்கூடாது. நாயிடமிருந்து தப்பிய கோழி, பெரிய காயம் ஒன்றும் இல்லாமலே, அதிர்ச்சியால் சில மணிநேரம் கழித்து இறந்துபோவதுண்டு. ஆகவே அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, வீட்டின் பின்கட்டில் இருட்டும் அமைதியுமான மூலையில் வைத்துவிட்டேன். கொண்டையின் நிறத்தை மட்டும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன். வெளுத்துப்போனால் இரத்தம் குறைந்திருக்கிறது. நீலம் பாய்ந்தால் மூச்சில் கோளாறு. மழையிரவில் பெட்டியின் ஒரு பக்கமாக மட்டும் 40 வாட் விளக்கைத் தொங்கவிட்டேன். சூடு வேண்டாமென்றால் சேவல் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருந்தது. கொசுவத்தி வைக்கவில்லை. பழைய கொசுவலையைப் பெட்டியின்மேல் போர்த்தினேன். கோழியம்மையைக் கொசு பரப்புகிறது. திறந்த காயத்தோடு இருக்கும் சேவலுக்கு அம்மையும் சேர்ந்தால் தாங்காது.

நீர் கொடுக்கும் விதத்தில்தான் நல்லவர்கள் கோழியைக் கொல்கிறார்கள். அலகைப் பிளந்து கரண்டியால் ஊற்றக்கூடாது. நாக்கின் பின்புறத்திலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, விரல் நுனியால் தொட்டு அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால், அது தானே இழுத்து விழுங்கும். தானாகக் குடிக்கத் தொடங்கியவுடன் இந்தக் கரைசலை நிறுத்திவிட்டு வெறும் நீர் வைத்தால் போதுமானது.

மறுநாள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கண்மூடி நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், இது வெள்ளைக்கழிச்சல் என்னும் நியூகாசல் நோயாக இருக்கும், மற்றக் கோழிகளையும் அழித்துவிடுங்கள் என்று பயமுறுத்தினார். அந்த நோயில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இறக்கை விழும், ஒன்றை அடுத்து மற்றொன்றாகக் கோழிகள் சாயும். எங்கள் பெட்டைகள் நன்றாக இருந்தன. தடுப்பு மருந்தும் போட்டிருந்தோம். 1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்திலேயே கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள். குளிர்பெட்டி இல்லாத கம்பங்களையும் தோட்டங்களையும் நினைத்துச் செய்த ஆராய்ச்சி அது; அத்தகைய இடத்தில் வளர்ந்த எனக்கு அதன் அருமை தெரியும்.

மருத்துவரிடமும் போனோம். பட்டணத்துக் கிளினிக் ஒன்றில் பூனையும் நாயும் மட்டுமே பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அரசாங்கக் கால்நடைச் சேவைத் துறையின் அலுவலகத்தில் ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். எடை போட்டு, எடைக்கேற்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதிக்கொடுத்தார். மருந்தின் பெயரையும் அளவையும் இங்கே எழுதப்போவதில்லை. தீவனக்கடையில் கேட்டு வாங்கிய பொடியைக் கண்ணளவில் நீரில் கலக்கும் பழக்கம் நம்மிடையே மிகுந்திருக்கிறது. அதற்கு நானும் ஒரு கைகொடுக்க விரும்பவில்லை. மனிதர்களுக்குக் கடைசித் துணையாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை மலேசியா 2019இல் தடைசெய்தது இத்தகைய பழக்கங்களின் விளைவை எண்ணித்தான். மருந்து நிறுத்திய பிறகு எவ்வளவு காலம் அந்தக் கோழியின் இறைச்சியை உண்ணக்கூடாது என்பதையும் மருத்துவர் சொன்னார். உடன் வந்திருந்த மாமியார் அதைக் கேட்டு, “சாமிக்கும் அந்தக் கணக்கு உண்டுங்களா?” என்று விசாரித்தார். மருத்துவர் சிரிக்காமல், படையலை உண்பவர்கள் மனிதர்கள்தானே அம்மா என்றார்.

எல்லாரையும் கலங்கவைத்தது பச்சை நிறம். காயத்தைச் சுற்றியிருந்த தோல், இரண்டொரு நாளில் பாசி படிந்ததாகத் தோன்றும் அளவுக்குப் பச்சையாயிற்று. “அழுகிடுச்சு டீச்சர், இனி தேறாது” என்று எதிர்வீட்டு அண்ணன் தலையை ஆட்டினார். மனிதத் தோலில் அந்த நிறம் வந்திருந்தால் நானும் அப்படியே நினைத்திருப்பேன். நம் உடம்பில் அடிபட்ட இடம் முதலில் சிவந்து, கறுத்து, பச்சையாகிப் பிறகு மஞ்சளாகித் தெளிகிறது. இரத்தம் சிதையும்போது வரும் பச்சை நிறமியை மஞ்சளாக மாற்றும் நொதி நமக்கு இருப்பதால் அந்தக் கடைசிப் படி நடக்கிறது. கோழிக்கு அந்த நொதி இல்லை. ஆகவே அதன் கன்றல் பச்சையிலேயே நின்று, அப்படியே மெல்ல மறைகிறது. அழுகல் வேறு: தோல் கறுத்துக் குளிர்ந்துபோகும், ஈரம் கசியும், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம் வரும். நாள்தோறும் காயத்தருகே மூக்கை வைத்து முகர்ந்தேன். நாற்றம் இல்லை. பச்சை நிறத்தை மட்டும் நம்பி எத்தனை கோழிகளை நம்மவர்கள் அறுத்திருப்பார்கள் என்று இப்போது நினைத்துப்பார்க்கிறேன்.

சீழும் அப்படித்தான் ஏமாற்றும். நமக்குப் புண் பழுத்தால் சீழ் இளகி வடிகிறது. கோழியின் சீழ் வடியாது. சீழை இளக்கும் வேதிப்பொருள் சில அதன் வெள்ளணுக்களில் இல்லாமையால், அது மஞ்சள் நிறத்தில் கெட்டியாகத் திரண்டு, தோலுக்கடியில் கட்டியாக நின்றுவிடும். “சீழ் வரவில்லை, ஆகவே நலம்” என்று எண்ணக் கூடாது. விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துளையின் அடியில் சிறிய கட்டி ஒன்று தட்டுப்பட்டது. அதைக் கீறி எடுக்கும் வேலையை மருத்துவரிடமே விட்டுவிட்டேன்.

ஈ விரட்டுவது அலுப்பூட்டும் வேலை. வெயிலும் ஈரமும் மாறிமாறி வரும் நம் ஊரில் ஈ இட்ட முட்டை ஒரு நாளைக்குள் பொரித்துப் புழுவாகிவிடும். புழு உள்ளே போனால் சதையைத் தின்று குடைந்துவிடும். முட்டைகள் வெள்ளைத் துகள்களாக இறகின் அடியில் ஒட்டியிருக்கும். காலையிலும் மாலையிலும் விளக்கொளியில் பார்த்து, இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். காயத்தின்மேல் படாமல் சற்றுத் தள்ளியிருந்த இறகோரத்தில் வேப்பெண்ணெயைத் தொட்டுத் தடவினேன். தெரு சொன்ன மருந்துகளில் நான் மனமார ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

தீனியைப் பொறுத்தவரை, வேகவைத்த முட்டையை நொய்க்கஞ்சியோடு பிசைந்து வைத்தேன். கோழிக்கு முட்டையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சதை வளரப் புரதம் வேண்டும், அவ்வளவுதான். முட்டையிடும் கோழிகளுக்கான தீவனத்தைச் சேவலுக்குத் தொடர்ந்து வைப்பது நல்லதன்று. ஓட்டுக்காகச் சேர்த்த சுண்ணாம்புச்சத்து அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எச்சம் பச்சையாக நீர்த்திருந்தால் சேவல் சாப்பிடவில்லை, பித்தநீர் மட்டும் போகிறது என்று அறியலாம். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை இரவில் நிறைந்திருந்து காலையில் வற்றியிருக்க வேண்டும். பெட்டைகளின் கண்ணில் படும்படி தட்டை வைத்தால் சேவல் தான் உண்ணாமல் அவற்றைக் கூவி அழைத்துத் தட்டைக் கொத்திக் காட்டிக்கொண்டே நிற்கும். உடம்பு புண்ணாகிக் கிடக்கும்போதும் இந்தக் குடும்பத்தலைவர் வேடத்தை அது விடவில்லை. ஆகவே தட்டை மறைத்து வைக்க வேண்டியதாயிற்று.

அது கூவாமல் இருந்த நாட்களில் எங்கள் முற்றத்தின் பொழுதே குழம்பிப்போனது. 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், சேவல் விடியலைப் பார்த்துக் கூவுவதில்லை, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைக்கொண்டே கூவுகிறது என்பதை மங்கலான ஒளியிலேயே வைத்திருந்த சேவல்களைக்கொண்டு காட்டினார்கள். கூட்டத்தில் முதலிடத்துச் சேவல் முதலில் கூவும், அடுத்த நிலையில் இருப்பவை வரிசைப்படி அதன்பின் கூவும் என்பதை அவர்களே 2015இல் கண்டார்கள். எங்கள் வீட்டில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த இளஞ்சேவல் ஒன்று, பெரியது பெட்டிக்குள் போனதும், உடைந்த குரலில் கூவத் தொடங்கியது. அதைக் கேட்ட பெரியது பெட்டிக்குள்ளிருந்து பதில் கூவிய அன்றுதான், மாமியார் அது பிழைக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

மீண்டும் கூட்டத்தில் விடுவதில் அவசரம் காட்டவில்லை. கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை இருப்பதை நார்வே நாட்டு விலங்கியலார் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதினார். சில வாரங்கள் விலகியிருந்தால் அந்த வரிசை மாறிவிடும். சிவந்த தோலைக் கண்டால் தன் பெட்டைகளே கொத்திக் குடைந்துவிடும். காயம் தோலால் மூடும்வரை கம்பிவலைக்கு இப்பால் வைத்து, எல்லாம் ஒன்றையொன்று பார்க்கும்படி செய்தேன். வெளியே விட்ட முதல் மாலையில் இளஞ்சேவல் கழுத்திறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. பெரியதற்கு ஒரு முள் இல்லை, வால் இல்லை. ஆயினும் சண்டை நெடுநேரம் நீளவில்லை. இளஞ்சேவல் துரத்தப்பட்டு, குளியலறைச் சுவரின் பின்னே போய் நின்றது.

வால் முளைத்த கதையும் சொல்ல வேண்டும். நாய் வேரோடு பிடுங்கிய வால் இறகுகள் உடனே முளைக்கத் தொடங்கின. சில வாரங்களில் அரிவாள் வளைவோடு கறுத்துப் பளபளத்தன. நான் கத்தரியால் வெட்டிய முதுகு இறகுகளோ அடிக்கட்டையாக அப்படியே நின்றன. வேரோடு விழுந்த இறகின் குழியில்தான் புதியது உடனே வரும். வெட்டுப்பட்டது அடுத்த முறை இறகு உதிர்க்கும்வரை காத்திருக்கும். நாய் செய்தது சரியாகிவிட்டது, நீ செய்ததுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது என்று என் கணவர் சொல்வதற்கு அது இடங்கொடுத்தது.

வேலியின் அடியில் கம்பிவலையை வெளிப்பக்கமாக மடித்து, ஏறத்தாழ அரை மீட்டர் அகலத்துக்குத் தரையில் படியவைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டிருக்கிறோம். நாய் வேலியின் காலடியில்தான் பறிக்கும். அங்கே வலை நகத்தில் பட்டதும் விட்டுவிட்டுப் போகிறது. பின்னால் நகர்ந்து வலையின் விளிம்புக்கு அப்பால் பறிக்க இதுவரை அதற்குத் தோன்றவில்லை. உடும்புக்கும் மரநாய்க்கும் இது போதாது. அவற்றுக்காக இரவில் கூண்டைப் பூட்டுகிறோம்.

நேர்த்திக்கடன் விஷயத்தைப் பூசாரியிடம் கேட்டபோது, முள் போன சேவல் ஆகாது என்று அவர் தயங்காமல் சொல்லிவிட்டார். மாமியார் மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்தின் அருகே வைத்து, அந்த இளஞ்சேவலை முனியாண்டிக்கு நேர்ந்திருக்கிறார். அடுத்த ஆடிக்குள் அது வளர்ந்துவிடும்.